பிரான்சுவாஸ் ஆர்டி: தன் பாட்டைத் தானே எழுதியவர்

நம் திரையிசையில் ஒரு பாடலுக்கு மூவர் தேவை. ஒருவர் மெட்டமைப்பார், ஒருவர் எழுதுவார், மற்றொருவர் பாடுவார். 1960களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு மெல்லிசையிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இளம் பாடகியர் பலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் வயதில் மூத்த ஆண்கள். பதினெட்டு வயதுப் பெண்ணின் மனத்தில் என்ன இருக்கும் என்பதை அவர்களே ஊகித்து எழுதினர்.

இதனால் விளைந்த கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1966இல் செர்ஜ் கேன்ஸ்பூர் என்னும் புகழ்பெற்ற கவிஞர், பிரான்ஸ் கால் என்னும் பதினெட்டு வயதுப் பாடகிக்கு மிட்டாய் பற்றி ஒரு பாடல் எழுதித் தந்தார். அது இரட்டை அர்த்தப் பாடல். நாடே சிரித்தது, பாடிய பெண்ணுக்கு மட்டும் அது பிறகுதான் புரிந்தது. அவமானத்தால் அவர் நெடுநாள் வருந்தினார்.

அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அதே பதினெட்டு வயதில், வேறு வழியில் நடந்தவர்தான் பிரான்சுவாஸ் ஆர்டி. (ஆங்கிலேயர் இவரை 'ஹார்டி' என்பர். பிரெஞ்சுக்காரர் அந்த முதல் எழுத்தை ஒலிப்பதில்லை என்பதால் நானும் ஆர்டி என்றே எழுதுகிறேன்.)

1944 ஜனவரி 17ஆம் நாள், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் இவர் பிறந்தார். தந்தைக்கு வேறொரு குடும்பம் இருந்தது. எப்போதாவது வந்து போவார். கணக்கு எழுதும் வேலை பார்த்த தாயார்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்தார். நீ அழகில்லை என்று பாட்டி சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளை பிரான்சுவாஸ். பின்னாளில் உலகப் புகைப்படக்காரர்கள் எல்லாம் இவரைத் தேடி வந்தபோதும் அந்தக் கூச்சம் போகவில்லை.

பதினாறு வயதில் பள்ளியிறுதித் தேர்வில் தேறியதற்குப் பரிசாக ஒரு கிட்டார் கிடைத்தது. சில சுரக்கட்டுகளை மட்டும் கற்றுக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார். 1961 நவம்பரில் வோக் இசைத்தட்டு நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டில் நான்கு பாடல்கள். மூன்று இவருடையவை. நான்காவது, ஓர் அமெரிக்கப் பாட்டின் தழுவல். நிறுவனம் நம்பிக்கை வைத்ததும் விளம்பரம் செய்ததும் அந்த நான்காவது பாட்டைத்தான்!

மக்கள் தேர்ந்தெடுத்ததோ, 'எல்லா ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும்' என்னும் பொருள்படும் 'தூ லே கார்சோன் எ லே ஃபீய்'. 1962 அக்டோபர் 28ஆம் நாள், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. முடிவுக்காக நாடே தொலைக்காட்சி முன் காத்திருந்த வேளையில், இடைநிகழ்ச்சியாக ஆர்டி பாடினார். இசைத்தட்டு பத்து லட்சத்திற்கு மேல் விற்பனையானது.

பாட்டின் பொருள் மிக எளியது. தெருவில் தன் வயதினர் இணை இணையாகப் போகிறார்கள். தான் மட்டும் தனியே நடக்கிறாள் ஒருத்தி. அவ்வளவுதான். உவமை இல்லை, உருவகம் இல்லை. மெட்டமைப்பில் ரோஜே சாமின் என்பவர் துணை நின்றார். சொற்கள் முழுதும் ஆர்டியுடையவை. அக்காலத்து இளையோர் இசைக்கு 'யே-யே' என்று பெயர். ஆங்கிலப் பாட்டுகளில் வரும் கூச்சலை வைத்து எட்கார் மொரேன் என்னும் சமூகவியலாளர் 1963இல் சூட்டிய பெயர் அது. துள்ளலும் ஆட்டமுமாக இருந்த அந்தக் கூட்டத்தின் நடுவே இவர் மட்டும் மெல்லிய குரலில் தனிமையைப் பாடினார். குரல் வளம் என்று பார்த்தால் இவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பேன். எழுதியவரே பாடியதால் அந்தக் குரல் போதுமானதாக இருந்தது.

அதன்பின் புகழ் விரைந்து வந்தது. 1963 யூரோவிஷன் போட்டியில் மொனாக்கோவின் சார்பில் பாடி ஐந்தாம் இடம் பெற்றார். 1964இல் பாப் டிலன் தம் இசைத்தட்டின் பின்னட்டையில் இவரை விளித்து ஒரு கவிதை அச்சிட்டார். இத்தாலியம், ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பாடினார். ஆனால் மேடை இவருக்கு நரகம். 1968க்குப் பிறகு மேடைக் கச்சேரிகளை அடியோடு நிறுத்திவிட்டார். புகழின் உச்சத்தில் இருந்த இருபத்து நான்கு வயதுப் பெண் எடுத்த முடிவு இது! அதற்கு முன்பே, 1967இல், சொந்தத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றையும் தொடங்கியிருந்தார். அதனால்தான் எதைப் பாடுவது, யாருடன் பாடுவது என்பதை அவரே முடிவு செய்ய முடிந்தது.

அந்த உரிமையின் விளைவே 1971இல் வந்த 'லா கெஸ்தியோன்'. டூகா என்னும் பிரேசில் நாட்டுக் கிட்டார் கலைஞருடன் சேர்ந்து உருவாக்கியது. முரசொலி ஏதுமின்றி, கிட்டாரும் வயலின்களும் மூச்சுக்காற்றும் மட்டுமே கேட்பது போன்ற இசை. அன்று அது சரியாக விற்கவில்லை. இன்று அவருடைய தலைசிறந்த படைப்பு என்று பலர் போற்றுவது அதைத்தான். எனக்கும் அதில் ஐயமில்லை. 1973இல் வந்த 'மெசாஜ் பெர்சொனெல்' மீண்டும் வெற்றி தந்தது. அதில் மிஷேல் பெர்ஜே எழுதிய பாட்டுக்கு முன்னால் ஆர்டியே எழுதிய ஓர் உரைநடைப் பகுதி வரும். காதலைச் சொல்லத் தயங்கும் ஒருத்தி தொலைபேசியில் பேசுவது போல அமைந்தது அது.

பாடகர் ஜாக் துத்ரோனுடன் நீண்டகால உறவு, 1973இல் மகன் தோமா, 1981இல் திருமணம். அந்த உறவின் காத்திருப்பும் வலியும் பல பாடல்களில் உள்ளன.

2004இல் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு வந்த 'தான் தெ பெல் ஷோஸ்' பாட்டில், விடைபெறும் ஒருவர் தாம் விட்டுச் செல்லும் அன்புக்குரியவரைத் தேற்றுகிறார். 2006இல் பிரெஞ்சு அகாதெமி இவருக்குப் பாடல் கலைக்கான பெரும் பதக்கம் வழங்கியது. 2018இல் கடைசி இசைத்தொகுப்பு வெளிவந்தது. பிறகு தொண்டையில் செய்த கதிர்வீச்சுச் சிகிச்சை குரலைப் பறித்தது. இனிப் பாட இயலாது என்று 2021இல் தெரிவித்தார்.

பாட முடியாவிட்டாலும் எழுதுவதை விடவில்லை. 2023 டிசம்பரில், தீராத நோயாளிகள் வேதனையின்றி இறக்கச் சட்டம் இடம் தர வேண்டும் என்று அதிபர் மக்ரோனுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அவர் கேட்ட சட்டம் அவர் உயிரோடிருந்தவரை வரவில்லை. 2024 ஜூன் 11ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் ஆர்டி காலமானார்.