எண்ணுக்கு அடங்கும் இயந்திரம்

கணிப்பொறி என்றவுடன் நம் பள்ளி ஆய்வகத்தில் வரிசையாக இருக்கும் திரைகளே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அதே கணிப்பொறி இரும்பையும் கடையும் என்றால் வியப்படையாதவர் யார்? காலாண்டு விடுமுறையில் அக்காட்சியை நேரில் காணும் வாய்ப்பு எங்கள் வகுப்புத் தோழியர் நால்வருக்குக் கிட்டியது. எங்களுள் ஒருத்தியின் தந்தையார் கோவையில் சிறு பட்டறை நடத்துகிறார். தண்ணீர் பம்புகளுக்கு வேண்டிய ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில்.

"வாங்க அம்முணி! முதல்ல எல்லாரும் ஜடையை மேலே தூக்கிக் கட்டிக்கோங்க, அப்புறந்தான் உள்ளே" என்று அவர் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார். சுழலும் இயந்திரத்திற்கு அருகில் தொங்கும் கூந்தலும் துப்பட்டாவும் ஆகா என்பதே அன்று நாங்கள் கற்ற முதற்பாடம்.

அங்கிருந்தது பழைய சி.என்.சி. லேத்து. ஏலத்தில் எடுத்ததாம். இரும்பு உடல் உறுதியாகத்தான் இருந்தது. மூளைப் பகுதி மட்டும் பழுதுபட்டுவிட்டது. புதிய மூளையை முழுமையாக வாங்கக் கையில் பணமில்லை. எனவே மோட்டார்களை மட்டும் புதிதாக மாற்றி, சாதாரணக் கணிப்பொறி ஒன்றையும் 'மோஷன் கார்டு' எனப்படும் இயக்கக் கட்டுப்பாட்டு அட்டை ஒன்றையும் கொண்டு அதை ஓட்ட அவர் முடிவு செய்தார். அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்த கதையே இக்கட்டுரை.

எண்களைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்வதில் ஈடுபட்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் எண்ணத்திலிருந்து அது வளர்ந்தது. 1952ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவைப் படித்து உலோகத்தைச் செதுக்கும் இயந்திரத்தை மக்கள் முன் ஓட்டிக் காட்டினார்கள். நாடா போய்க் கணிப்பொறி வந்தது. எண்ணுக்கு இரும்பு அடங்குவது மட்டும் மாறவில்லை.

கணிப்பொறிதான் இருக்கிறதே, கார்டு எதற்கு? நாங்களும் இதைத்தான் கேட்டோம். நம் பள்ளி விளையாட்டு விழாவின் அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முரசு அடிப்பவள் ஒரே சீராக அடித்தால் அத்தனை கால்களும் சீராக நடக்கும். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று அவள் ஒரு கணம் திரும்பினால் வரிசை முழுவதும் தடுமாறும். மோட்டாருக்கும் அப்படித்தான். ஒரு மின்துடிப்பு வந்தால் ஒரு சிறு அடி நகரும். கணிப்பொறியோ திரையை வரையும், கோப்பைத் திறக்கும், சுட்டியைக் கவனிக்கும். இடையே துடிப்பு அனுப்பவும் மறக்கக்கூடாது. இவ்வளவு வேலையுள்ளவரிடம் முரசைக் கொடுக்கலாமா? முரசை மட்டும் அடிக்கத் தனியாக ஒருத்தி வேண்டும். அவளே கார்டு.

அப்பா (தோழியின் தந்தையை நாங்கள் எல்லோரும் அப்பா என்றே அழைத்தோம்) முதலில் வாங்கிய கார்டு விலை மலிவானது. நான்கு அச்சுகளை ஓட்டும் என்று எழுதியிருந்தது. லேத்துக்கு வேண்டியவை இரண்டே அச்சுகள். நான்கு இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று வாங்கிவிட்டார். ஷாஃப்டை வழவழவென்று கடைந்தது. அளவும் சரியாக வந்தது. ஆனால் நுனியில் மரை வெட்டியபோது வந்தது வினை! நட்டு ஒன்றரைச் சுற்று ஏறி நின்றுவிட்டது. பன்னிரண்டு ஷாஃப்டுகள் பழைய இரும்புக் குவியலுக்குப் போயின. கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை" என்று தோழி எங்களிடம் பிறகு சொன்னாள்.

குறை எங்கே? ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மரை வேண்டுமானால், ஷாஃப்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது டூல் சரியாக ஒன்றரை மில்லிமீட்டர் நகர வேண்டும். நிமிடத்திற்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்துச் சுற்று; டூல் நொடிக்கு 15 மில்லிமீட்டர் ஓட வேண்டும். ஆனால் டூல் இரும்பைக் கடித்தவுடன் சுழற்சி சற்றுத் தளரும். 600 என்பது 570 ஆனால் நொடிக்கு ஒன்பதரைச் சுற்றே. டூல் அதை அறியாமல் பழைய வேகத்தில் ஓடினால், இடைவெளி ஏறத்தாழ 1.58 மில்லிமீட்டராகிவிடும். பிறகு நட்டு எப்படி ஏறும்? அதுமட்டுமன்று. மரையை ஒரே வெட்டில் வெட்டுவதில்லை. அதே பள்ளத்தில் பலமுறை ஓடி ஆழமாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஷாஃப்டின் அதே புள்ளியில் தொடங்கினால்தான் பள்ளம் பள்ளத்தோடு சேரும்.

இதற்காகவே ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு என்கோடர் என்னும் கருவியை இணைக்கிறார்கள். அங்கு நாங்கள் கண்டது ஒரு சுற்றுக்கு 1024 துடிப்புகளும், சுற்றின் தொடக்கத்தைக் காட்டத் தனியாக ஒரு துடிப்பும் தருவது. கார்டு அதை எண்ணிக்கொண்டே டூலை நகர்த்த வேண்டும். முதல் கார்டில் என்கோடரின் கம்பியைச் செருகவே இடமில்லை! மரத்தில் பூ வேலை செய்யும் இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்டது அது. விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. என்ன வேலைக்கு என்று அவரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை அப்பா கடைக்குப் போகுமுன் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். எங்களையும் போடச் சொன்னார். (தேர்வில் இல்லாத கணக்கு என்பதால் எங்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி!) டூலை நகர்த்தும் திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். வேலையில்லாத இடத்தில் டூல் நிமிடத்திற்கு 6 மீட்டர் வேகத்தில் விரைய வேண்டும். அதாவது நொடிக்கு 100 மில்லிமீட்டர். திருகு நொடிக்கு 20 சுற்று. சர்வோ மோட்டாரை ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு என்று வைத்தால் நொடிக்கு 2,00,000 துடிப்புகள் வேண்டும். முதல் கார்டால் நொடிக்கு 1,00,000தான் இயலும். ஆகவே அந்த வகையிலும் அது பாதி வேகமே தந்திருக்கும்.

அதற்காகத் துடிப்பை அள்ளித் தரும் விலையுயர்ந்த கார்டைத்தான் தேட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதும் கணக்கிலேயே தெரிந்தது. மோட்டாரின் அமைப்பை மாற்றிச் சுற்றுக்கு 4,000 துடிப்பு என்று வைத்தால் நொடிக்கு 80,000 போதும். அப்போது ஒரு துடிப்புக்கு டூல் நகர்வது 0.00125 மில்லிமீட்டர். லேத்தில் டூல் உள்ளே போகும் அளவைப் போல் இருமடங்கு விட்டத்தில் குறையும். அப்படிப் பார்த்தாலும் 0.0025 மில்லிமீட்டர்தான். பம்பு ஷாஃப்டுக்கு இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை என்றார் அப்பா. ஆக, வேகத்தைக் கணக்கால் சரிசெய்யலாம். இல்லாத என்கோடர் வாயைக் கணக்கால் உண்டாக்க முடியாது.

சந்தையில் பலவகை உண்டு. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். மிகவும் மலிவு, மூன்று அச்சுகளை நொடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்பு வரை ஓட்டும். பள்ளிக் கண்காட்சிக்கு அது நன்று, மரை வெட்டாது. பழைய கணிப்பொறிகளில் அச்சு இயந்திரத்தைச் செருகிய வாய் வழியாகவே துடிப்பு அனுப்பிய காலமும் இருந்தது. இப்போதைய கணிப்பொறிகளில் அந்த வாயே அரிது. அப்பா இறுதியில் எடுத்தது, வலைக்கம்பியால் கணிப்பொறியோடு இணைந்து, துடிப்பையும் என்கோடர் எண்ணிக்கையையும் தானே கவனிக்கும் கார்டு. அதை ஓட்டுவது லினக்ஸ் சி.என்.சி. என்னும் இலவச மென்பொருள். மோட்டார்கள் பழையனவாகவே இருந்திருந்தால் வேறு கார்டு பார்க்க வேண்டியிருக்குமாம். பழைய சர்வோக்கள் பல, துடிப்பை அறியா. கூட்டல் கழித்தல் 10 வோல்ட் மின்னழுத்தத்துக்கே கட்டுப்படும்.

ஒரு செய்தியைச் சொல்லும்போது மட்டும் அப்பா சிரிக்கவில்லை. சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் கார்டுக்குச் செய்தி சொன்னால் மட்டும் போதாது. மோட்டாரின் மின்சாரத்தையே நேராக அறுக்க வேண்டும். கணிப்பொறி உறைந்து நின்றாலும் கை தப்ப வேண்டுமல்லவா? எல்லைச் சுவிட்சுகளிலும் எந்நேரமும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்குமாறு இணைத்திருந்தார். எலி கம்பியைக் கடித்தாலும் இயந்திரம் தானே நின்றுவிடும். பட்டறையில் எலி உண்டு என்பதையும் நாங்கள் கண்ணால் கண்டோம்!

நாங்கள் போன அன்று புதிய கார்டில் மரை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு நட்டை எடுத்து எங்களிடம் கொடுத்தார். விரலால் சுழற்றினோம், கடைசி மரை வரை தடையின்றி ஏறியது. தோழியின் அம்மா வீட்டிலிருந்து அனுப்பிய கச்சாயத்தைத் தின்றுகொண்டே நாங்கள் அதை மாறி மாறிக் கழற்றி மாட்டினோம். முதலில் வாங்கிய கார்டை அப்பா எங்களிடமே தந்துவிட்டார். அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு மரப்பலகையில் பூ செதுக்கும் சிறு இயந்திரம் ஒன்று செய்வதாக இருக்கிறோம். மூன்று மோட்டார்கள்தான் இன்னும் கிடைக்கவில்லை.