நுரையீரலைத் திறந்து வைக்கும் படலம்

குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகள் மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல முனகும். மூக்கு விடைக்கும். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கும். உதட்டில் நீலம் பாயும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்த முனகல் வலியில் எழும் சத்தமாகத் தோன்றும். உண்மையில் குழந்தை அங்கே ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. வெளியேறும் காற்றைக் குரல்வளையைப் பாதி மூடி மறிக்கிறது. முழுவதையும் விட்டுவிட்டால் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; திரும்பத் திறப்பதற்கு முதல் மூச்சுக்குப் பட்ட பாட்டை மறுபடியும் பட வேண்டும். யாரும் சொல்லித் தராமலேயே அந்தச் சின்ன உடம்பு இதைச் செய்கிறது.

நுரையீரல் ஏன் ஒட்டிக்கொள்கிறது? பள்ளிப் பாடப் படத்தில் இதற்கு விடை இருக்காது. அந்தப் படம் சொல்வது இவ்வளவுதான்: மூக்கு, தொண்டை, அதற்குக் கீழே பெரியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீளமுள்ள மூச்சுக்குழல். அது இரண்டாகப் பிரிந்து, பிறகு சுமார் 23 முறை கிளைத்து, கால் மில்லிமீட்டர் அகலமுள்ள காற்றறைகளில் போய் முடிகிறது. வளர்ந்த மனிதருக்கு இந்த அறைகள் 30 முதல் 50 கோடி வரை இருக்கும். சுவர்களை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர். சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். உதரவிதானம் கீழிறங்கினால் மார்பு விரிந்து காற்று உள்ளே வரும். அது தளர்ந்தால் காற்று தானாக வெளியேறும்.

படத்தில் வராத செய்தி, அந்த அறைகளின் உட்சுவர் முழுக்க ஈரம் என்பது. நீருக்குத் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் குணம் உண்டு. பரப்பு இழுவிசை என்று இயற்பியலில் படித்திருப்போம். உருண்டையான அறை சிறுத்துப் போகப் போக, அதை மூடப் பார்க்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். புது பலூனை ஊதும்போது முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கிறது. பாதி ஊதிய பலூன் சுலபமாகப் பெருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் காற்றறைகள் முழுக்க மூடிக்கொண்டால், வாழ்நாள் முழுக்க நாம் முதல் ஊதலையே ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதை முதலில் கண்டவர் குர்ட் ஃபான் நீர்கார்ட். 1929-இல் ஸ்விட்சர்லாந்தில் பன்றி நுரையீரலைக் காற்றால் நிரப்பியும் திரவத்தால் நிரப்பியும் ஒப்பிட்டுப் பார்த்தார். திரவத்தால் விரிக்க மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. திரவம் நிறைந்த நுரையீரலில் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லை. எனவே இழுக்கும் விசையும் இல்லை. பிறந்த குழந்தையின் முதல் மூச்சில் இது என்ன செய்கிறது என்று ஆராய வேண்டும் என்றும் எழுதி வைத்தார். கால் நூற்றாண்டுக்கு அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு விஷயம் நகர்ந்தது ராணுவ ஆய்வுக்கூடங்களில்தான். விஷவாயு தாக்கிய நுரையீரலில் பொங்கும் நுரையை இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனில் ஆராய்ந்த ரிச்சர்ட் பேட்டில், அதன் குமிழ்கள் உடையாமல் நிற்பதை 1955-இல் அறிவித்தார். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் 1957-இல் அதை அளந்தே காட்டினார். நுரையீரலின் உட்பரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு படலம் பரவியிருக்கிறது. அறை சுருங்கும்போது பரப்பு இழுவிசையை அது ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடுகிறது. இதுதான் சர்ஃபாக்டன்ட். கருவின் நுரையீரல் செல்கள் இதைச் சுமார் 24-ஆவது வாரத்தில் தயாரிக்கத் தொடங்கும்; போதுமான அளவு சேர 34, 35 வாரங்கள் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைதான் முனகுகிறது.

இந்தக் கடைசி இணைப்பைப் போட்டவர் மேரி எலன் ஏவரி. மருத்துவப் படிப்பு முடிந்த கையோடு காசநோயில் படுத்தவர். நுரையீரல் மேல் அக்கறை வந்தது அப்போதுதான். ஜெரி மீடுடன் சேர்ந்து, மூச்சுத்திணறலில் இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் படலம் இல்லை என்று 1959-இல் எழுதினார். காரணம் தெரிந்துவிட்டது, கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2.1 கிலோ. நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும், 39 மணி நேரத்தில் இதே நோயால் இறந்தான்.

முதல் வெற்றி 1971-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி, குழந்தையின் மூச்சுப்பாதையில் விடாமல் லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். சிபாப் என்று இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சொல்வது இதைத்தான். முனகலால் குழந்தை செய்யப் பார்த்த வேலையை இங்கே கருவி செய்கிறது. 1980-இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தி, அவர்கள் தேறியதை அறிவித்தார். முந்தைய முயற்சிகளில் வெறும் கொழுப்பைப் புகையாக அடித்துத் தோற்றிருந்தார்கள். புரதம் இல்லாமல் படலம் பரவாது.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகத் தெரிவது, நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ் கண்டது. பிரசவவலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு, பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நுரையீரல் வேளைக்கு முன்பே முதிர்ந்திருந்தது. ராஸ் ஹோவியுடன் சேர்ந்து ஸ்டீராய்டு ஊசியை 282 தாய்மார்களிடம் சோதித்து, முடிவை 1972-இல் வெளியிட்டார். பிறந்த முதல் வாரத்துக்குள் இறந்த குழந்தைகள், அந்த ஊசி போடாதவர்களிடம் 15 சதவீதம், போட்டவர்களிடம் 3.2 சதவீதம். அப்படியிருந்தும் உலகம் இதை ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதற்குள் எத்தனை குழந்தைகள் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

உலகிலேயே அதிகக் குறைமாதப் பிறப்புகள் இந்தியாவில்தான். சர்ஃபாக்டன்ட் மருந்து விலை அதிகம். அதைக் கொடுக்கப் பயிற்சியும் வசதியும் வேண்டும். தாய்க்குப் போடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மிக மலிவு. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் துணைச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று 2014-இல் மத்திய அரசு வழிகாட்டியது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. பல நாடுகளில் பரவலாகப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் குழந்தை இறப்பு கூடியிருந்ததாக 2015-இல் முடிவு வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்குக் குறைப்பிரசவமே நடக்கவில்லை. ஸ்கேன் மூலம் வாரக்கணக்கை உறுதிசெய்து, கவனிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் கொடுத்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்தது. அதில் இறப்பு தெளிவாகக் குறைந்ததாக 2020-இல் முடிவு வந்தது. வாரக்கணக்கு மிகச் சரியாகத் தெரிவது முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில்தான். ஏழாம் மாதத்தில் வலி எடுத்து ஓடிவரும் பெண்ணின் கையில் அந்தச் சீட்டு இருந்தால், ஊசி போடலாமா என்று மருத்துவர் அங்கேயே முடிவெடுத்துவிடலாம்.