பசுவின் துன்பமும் வினைப்பயனும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் உயிரைப் பசு என நம் ஆசிரியர் வழங்குதல், அது பாசமாகிய கயிற்றாற் கட்டுண்டு நிற்றல் பற்றியாம். கட்டுண்டிருத்தல் மக்கட்கும் விலங்கிற்கும் ஒப்ப உரியது. எறும்பின் உடலில் நின்ற உயிரும் யானையின் உடலில் நின்ற உயிரும் மக்களுடலில் நின்ற உயிரும் உயிராந் தன்மையில் வேறல்ல. கருவிகள் விளங்கும் அளவே வேறு.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். விலங்கு உறுந் துன்பம் அதன் முன்வினைப் பயனாயின், அதனைத் துன்புறுத்துவார்க்குக் குற்றம் யாது? அத்துன்பத்தை நீக்க முயல்வார் இறைவன் ஆணையைத் தடுப்பவராகாரோ?

இவ்வையம் ஏட்டளவில் நிற்பதன்று. சாதாரணச் சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாதென்பது 1978ஆம் ஆண்டு விதி. அதனைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே கேரளத்திற்கு அடிமாடுகளை நெருக்கி ஏற்றிச் செல்வார்க்கு, 'எல்லாம் அதன் தலையெழுத்து' என்பது எளிய விடையாகின்றது.

அரிக்கொம்பன் என்னும் காட்டியானையின் வரலாறும் இவ்வினாவையே எழுப்பும். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் இடித்த அதனை, 2023 ஏப்ரல் 29இல் மயக்க ஊசியிட்டுப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடுத்தனர். அது மலையிறங்கி மே 27இல் கம்பம் நகரினுட் புகுந்தது; அதனால் அடிபட்ட ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5இல் மீண்டும் பிடிபட்டு, லாரியில் நெடுந்தொலை கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்டது. அப்பணிக்குக் கொணர்ந்த கும்கிகளுள் முத்து என்பது, பொள்ளாச்சிப் பக்கத்தில் அரிசிராஜா என்னும் பெயரோடு திரிந்து, 2019இல் பிடிபட்டு, மரக்கூண்டில் அடைத்துப் பழக்கப்பட்டதாகும். கட்டுண்டதே கட்டுதற்குக் கருவியாயிற்று.

இனி விடை கூறுதும். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே. அதுபற்றித் துன்புறுத்துவான் இறைவனது ஏவலாளன் ஆகான். அவன் தன் இச்சையால் அறிந்து செய்தலின், அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். ஒருவன் கடன்பட்டுள்ளான் என்பது கொண்டு அவன் வீட்டிற் புகுந்து கவர்தற்கு நமக்கு உரிமையுண்டோ? அது போல்வதே இது.

இரண்டாவது வினாவிற்கும் விடை உண்டு. துன்பம் மட்டுமன்றி இன்பமும் வினைப்பயனே ஆகலின், ஓருயிர் பெறும் உதவியும் அதன் நுகர்ச்சியுள் அடங்கும். எனவே இரங்கி உதவுவார் ஆணையைத் தடுத்தாரல்லர். அதற்கு இயைய நின்றாரேயாவர். திருவிளையாடற் புராணத்துட் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்தோர் தம் தீச்செயலாற் சாபமுற்றவரே. வேட்டையில் தாயை இழந்து அவை பசித்துழன்றபோது, 'வினையை நுகர்க' என்று சொக்கேசர் வாளா இருந்திலர். தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினார்.

அற்றேல், உழவன் தன் பயிரையும் உயிரையும் காவாதொழிதல் வேண்டுமோ எனின், அன்று. காத்தல் கடனே. ஆயினும், காத்தற்கு வேண்டுமளவின் மேற்பட்ட நோய் சிறிதும் செய்யாமையும், யானை இறங்கும் வழியை நாமே அடைத்தோமோ என்று ஆராய்ந்து அதனைத் திறந்து வைத்தலும் அக்கடனுள் அடங்கும். உழுது களைத்த மாட்டை முதுமையில் அடிமாடாக விற்கும் இல்லத்திலும் இவ்வாராய்ச்சி நிகழ்தல் வேண்டும். தன் கட்டு நீங்க அருளை வேண்டி நிற்கும் பசு, தன்கைக் கயிற்றிற் கட்டுண்ட பசுவிற்கு இரங்காதாயின், அவ்வேண்டுதல் யாங்ஙனம் பொருந்தும்? அன்பர்கள் சிந்திப்பாராக.