ஏழைத் தெருவுக்கு வந்த சர்க்கரை

சென்னை திருமங்கலத்தில் இருக்கிறது ஆசியாட் காலனி. தியாகராய நகரில் இருக்கிறது பாரதி நகர். முதலாவது நடுத்தர வர்க்கத்தார் வாழும் குடியிருப்பு, இரண்டாவது குறைந்த வருமானக்காரர்களின் பகுதி. 1990களின் பிற்பகுதியில் நீரிழிவு ஆராய்ச்சியாளர் டாக்டர் வி. மோகனின் குழு இந்த இரண்டு இடங்களையும் தேர்ந்தெடுத்தது. 20 வயது நிரம்பிய அத்தனை பேரையும் பரிசோதித்துவிடுவது என்று இறங்கியது. கணக்கில் வந்தவர்கள் 1,399 பேர். அவர்களில் 1,262 பேர் ஒத்துழைத்தார்கள், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பேர்.

அந்தத் தொண்ணூறுதான் இந்த ஆய்வின் பலம். தெருமுனையில் இலவச மருத்துவ முகாம் போட்டால் யார் வருவார்கள்? ஏற்கெனவே சுகர் இருக்குமோ என்ற பயம் உள்ளவர்கள் வருவார்கள். வீட்டில் ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் வருவார்கள். காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர் வரமாட்டார். ஆகவே முகாமில் கிடைக்கும் கணக்கு முகாமுக்கு வந்தவர்களைப் பற்றித்தான் சொல்லும், ஊரைப் பற்றிச் சொல்லாது. ஊரின் நிலையை அறிய வேண்டுமானால், வராதவரையும் தேடிப்போய்ச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

சம்மதிக்க வைப்பது சுலபமல்ல. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் அந்தத் தித்திப்பு சிலருக்குக் குமட்டும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். இடையில் டீ கிடையாது, பீடி கிடையாது, வேலைக்கு ஓடவும் முடியாது. இந்த இரண்டாவது ரத்தத்தில் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தொட்டால் நீரிழிவு. 140க்கும் 199க்கும் நடுவில் நின்றால், நோய் வாசல்வரை வந்துவிட்டது என்று பொருள். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் தப்பிவிடுகிற பலர் இதில்தான் அகப்படுவார்கள். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது அரை நாள் வேலையை விட்டுக்கொடுப்பது. அவர்கள் கொடுத்த அந்தக் காலைப் பொழுதுகளால்தான் நமக்கு இன்று இந்த உண்மைகள் தெரிகின்றன.

முதல் சுற்றில் வந்த விடை பலரும் எதிர்பார்த்ததுதான். ஆசியாட் காலனியில் 12.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பாரதி நகரில் 6.5 சதவீதம், ஏறக்குறைய பாதி. வசதி வந்தால் வியாதியும் வரும், உடம்பு வளைந்து வேலை செய்கிறவருக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கைக்கு இது சான்றாக அமைந்தது.

சுமார் பத்து ஆண்டுகள் கழித்து அதே இடங்களில் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். ஆசியாட் காலனியில் 12.4 என்பது 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது. ஒரு பக்கம் 24 சதவீத உயர்வு, இன்னொரு பக்கம் 135 சதவீத உயர்வு. ஏழை, நடுத்தரம் என்ற இடைவெளி ஒரே பத்தாண்டில் மறைந்துவிட்டது. 2011இல் வெளியான இந்த முடிவை நம் ஊர் மருத்துவ ஆய்வுகளில் மிக முக்கியமான ஒன்றாக நான் நினைக்கிறேன். இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

பத்து ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறுவதில்லை. இந்தியர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வருவதற்கு உடல்வாகு ஒரு காரணம் என்பது உண்மைதான். பார்வைக்கு ஒல்லியாக இருப்போம், ஆனால் வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அந்தக் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாது. கணையம் ஈடுகட்டப் பார்த்து, ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோகும். அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையையே ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த உடல்வாகு பாரதி நகரிலும் இருந்தது, ஆசியாட் காலனியிலும் இருந்தது. பத்தாண்டில் மாறியது சாப்பாடும் நடமாட்டமும்தான்.

முதலில் நடமாட்டம். ஆசியாட் காலனியில் ஆய்வுக் குழு ரத்தம் எடுத்ததோடு நிற்கவில்லை. கூட்டங்கள் போட்டுப் பேசியது, துண்டறிக்கை கொடுத்தது, வீடியோ காட்டியது. கேட்ட குடியிருப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்காவைக் கட்டினார்கள். முன்பு வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அங்கே 14.2 சதவீதம்தான். பூங்கா வந்த பிறகு எடுத்த கணக்கில் அது 58.7 சதவீதம். நடக்கச் சொல்லி அறிவுரை கூறுவதைவிட, நடக்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பூங்கா இருந்ததால்தான் அங்கே நோய் குறைவாக ஏறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. படிப்பு, வருமானம், மருத்துவரைப் பார்க்கும் பழக்கம் எல்லாமே நடுத்தரக் குடும்பங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும். ஆனால் சொந்தப் பணத்தில் பூங்கா கட்டும் வசதி பாரதி நகர் போன்ற பகுதிகளுக்குக் கிடையாது என்பதை மறுக்க முடியாது.

அடுத்தது தட்டு. 2000களின் தொடக்கத்தில் இதே குழு சென்னை முழுவதும் நடத்திய பெரிய கணக்கெடுப்பில் 26,001 பேரைச் சந்தித்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் உணவை அலசிப் பார்த்ததில், ஒரு நாளில் உடம்புக்குக் கிடைத்த கலோரியில் கிட்டத்தட்டப் பாதி, 46.9 சதவீதம், தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் ஒரே பொருள் வேறு வேறு உருவத்தில். தவிட்டையும் நாரையும் தீட்டி நீக்கிய அரிசி சீக்கிரம் செரித்து, ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும்.

இதைச் சொல்லி ரேஷன் அரிசியைக் குறை கூறுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பசியை விரட்டிய அரிசி அது. கூடவே பருப்பும் பயறும் காய்கறியும் தட்டில் விழவில்லை என்பதே பிரச்சினை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பது நல்ல ஏற்பாடு. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கியதும் அப்படித்தான். சென்னையின் நெருக்கமான பகுதிகளுக்கும் அது வர வேண்டும்.

வாசலில் நிற்கும் நோயைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியதும் சென்னையில் நடந்த ஆய்வுதான். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளிகள் ஆனார்கள். சாப்பாட்டைத் திருத்தி நடைப்பயிற்சி செய்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5 சதவீதம். நடையும் சாப்பாடும் மாத்திரைக்குச் சமமாக நின்றன, மாத்திரையைக் கூடுதலாகச் சேர்த்ததில் தனிப் பலன் தெரியவில்லை.

பாரதி நகரில் தெரிந்தது இன்று பெரிய அளவிலும் உறுதியாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 15 மாநிலங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகியவற்றின் நகரங்களில், வசதியானவர்களைவிட ஏழைகளிடம் நீரிழிவு அதிகம் என்று அது சொன்னது. நாடு முழுவதையும் சேர்த்து 2023இல் வெளியான கணக்கில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். எல்லையில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியது பெரிய உதவி. ஆனால் அந்த மாத்திரை நோய் வந்த பிறகு வருவது. வருமுன் செய்ய வேண்டியதை மாநகராட்சிகள்தான் செய்ய முடியும். குறைந்த வருமானப் பகுதிகளில், ராத்திரி எட்டு மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடக்கும்படி விளக்கு வெளிச்சமுள்ள பூங்காக்களை முதலில் கட்டுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 30 வயதைக் கடந்திருந்தால், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.