கிருபையினால் இரட்சிப்பு: கொல்லிமலை அருட்பணி

கிருபையினால் இரட்சிப்பு என்பது மனிதர் தம் நற்செயல்களால் அன்றி, இறைவன் இலவசமாக அளிக்கும் அருளால் மீட்கப்படுகிறார் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. கத்தோலிக்கர் இதனை அருள், மீட்பு என்னும் சொற்களால் குறிப்பர். சேலம், நாமக்கல் பகுதியில் இக்கோட்பாட்டை மையமாகக் கொண்டு செயல்பட்ட அமைப்புகளுள் ஒன்று ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்.

கோட்பாடு

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இக்கோட்பாட்டின் அடிப்படை. இரட்சிப்பு இறைவனின் ஈவு, எனவே எவரும் தம் செயலைக் கொண்டு பெருமை பாராட்ட இயலாது என்கிறது அது. நற்செயல்களுக்காகவே மனிதர் உருவாக்கப்பட்டனர் என்று அடுத்த வசனம் கூறுகிறது. ஆகவே நற்செயல் இரட்சிப்பின் விலை அல்ல, அதன் கனி.

முழு இருதயத்தோடும் இறைவனிடம் அன்புகூர வேண்டும் என்பதே தலையாய கட்டளை என்றார் இயேசு. இந்தப் பிளவுபடாத பக்தியும் கிருபைக்கு மறுமொழியே. அதைப் பெறுவதற்கான தகுதி அல்ல. தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதை உவமையாகக் கூறும் தென்கலை வைணவச் சரணாகதியோடு இது ஒப்பிடத்தக்கது.

கொல்லிமலைப் பணி

1861-ல் இங்கிலாந்தில் தோன்றிய இம்மிஷன் கால்வினிய மரபைச் சேர்ந்தது. நம்பிக்கை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்றவருக்கே திருவிருந்து என்ற கட்டுப்பாடு உடையது.

1907-ல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913-ல் எவலின் ஹாரிஸை மணந்தார். சமவெளியில் உள்ள சேந்தமங்கலத்திலிருந்து இருவரும் கொல்லிமலைக்குச் சென்று குடியேறினர். அப்போது மலைக்குச் சாலை இல்லை. பிராண்ட் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுக்களை அகற்றினார், தச்சுவேலை கற்பித்தார்.

மக்கள் மருந்தை ஏற்றனர், மதத்தை ஏற்கவில்லை. இயேசுவைப் பிற தெய்வங்களுள் ஒருவராக வணங்குவதை இக்கோட்பாடு அனுமதிப்பதில்லை. எனவே விசுவாசியாவது குல வழிபாட்டையும் அதனோடு இணைந்த ஊர் உறவையும் விடுவதாக இருந்தது. உள்ளூர்ப் பூசாரி ஒருவரும் கடுமையாக எதிர்த்தார்.

முதல் உலகப்போரை ஒட்டிப் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் அப்பூசாரி படுத்தபோது பிறர் அஞ்சி விலகினர். பிராண்ட் இணையர் சென்று பணிவிடை செய்தனர். இறக்கும் முன் அவர் தன் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே மலையில் சபை உருவாகத் தொடங்கியது. எதிர்த்தவருக்கும் தகுதி பாராமல் கிடைத்த அந்த உதவி, பல ஆண்டுப் பிரசங்கம் சொல்லாத பொருளைச் சொன்னது.

பிற்காலம்

1929-ல் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் தம் 44-ம் வயதில் காலமானார். எவலின் ஓய்வுக்குப் பின்னும் தன் பொறுப்பில் கொல்லிமலை, கல்வராயன் மலை உள்ளிட்ட மலைகளில் பணி செய்து, 1974-ல் 95-ம் வயதில் மறைந்தார். கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1914-ல் இம்மலையில் பிறந்த அவர்களின் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தார். மிஷன் பின்னர் கிரேஸ் பாப்டிஸ்ட் மிஷன் எனப் பெயர் மாறியது. கிரேஸ் என்பதன் பொருள் கிருபை.