மழைக்கால மறைக்கல்வி: கைவேலையும் கடவுளின் வார்த்தையும்



ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளின் கண்கள் பாடநூலில் நிற்பதில்லை. சன்னலுக்கு வெளியே ஓடிவிடுகின்றன. அவர்களைக் கடிந்துகொள்வதைவிட மழையையே பாடமாக்கிக்கொள்வது நலம். விவிலியம் பிறந்த நாடும் வானத்தை நோக்கி வாழ்ந்த நாடே. அங்கே அக்டோபர், நவம்பரில் முன்மாரியும், மார்ச், ஏப்ரலில் பின்மாரியும் பெய்யும். இவ்விரண்டுக்கும் பொறுமையோடு காத்திருக்கும் உழவனைத் தூய யாக்கோபு தம் திருமுகத்தில் நமக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறார்.

எனினும், மழைப் பாடத்தை வெறும் விளையாட்டாக நடத்திவிடலாகாது என்பதை நமக்குக் கற்பித்தவன் ஒரு சிறுவன். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. அடுத்த மாதம் நம் பங்கில் வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது, ஆசிரியை நோவாவின் கதையைக் கூறி, வண்ணம் தீட்ட வானவில் படத்தைக் கொடுத்தார். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வண்ணக்கோலைத் தொடவில்லை. நம்மைப் பார்த்து, “சாமி, பேழைக்கு வெளியே சின்னப் பிள்ளைகளும் இருந்திருப்பார்களே! அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?” என்று கேட்டான்.

பல ஆண்டுகள் இறையியல் பயின்ற நமக்கு அன்று உடனே மறுமொழி வரவில்லை. ‘தெரியவில்லை, தம்பி’ என்றே கூறினோம். பின்னர், அவன் கண்டதை வரையச் சொன்னோம். தன் வீட்டாரை ஏற்றிச்சென்ற மீனவர் படகை வரைந்தான். தண்ணீரில் தனித்து நின்ற தன் ஆட்டையும் வரைந்தான். அந்த ஆட்டை அழித்துவிடு என்று எவரும் கூறவில்லை. அன்றுமுதல் மழைப் பாடத்தைப் பிள்ளைகளின் சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். இவ்வாறு கையாண்டு பயன்கண்ட சில பயிற்சிகளை இங்கே தருகிறோம்.

1. மழையோசை. பிள்ளைகள் வட்டமாக அமரட்டும். ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டத் தொடங்கி, இரண்டு, மூன்று என ஐந்து விரல்களுக்கும் உயர்த்தவேண்டும். இடிக்குக் காலால் தரையை மிதிக்கலாம். பின் ஒவ்வொரு விரலாகக் குறைத்து முழு அமைதிக்கு வரவேண்டும். அந்த அமைதியில், மழை 40 நாள் பெய்தாலும் வெள்ளம் 150 நாள் மண்ணுலகில் நின்றதைக் கூறுங்கள். துன்பம் ஓய்ந்த பின்னும் காத்திருக்க வேண்டிய காலம் உண்டு என்பதைப் பிள்ளைகள் உணர்வார்கள்.

2. முழக்கயிறு. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் எனத் தொடக்க நூல் கூறுகிறது. பிள்ளைகள் முழங்கை முதல் விரல்நுனி வரை அளந்து கயிற்றில் முடிச்சிடட்டும். கோயில் வளாகத்தில் தொடங்கினால் தெருமுனை வரை போகவேண்டியிருக்கும். அளந்து களைத்த பிள்ளைக்கே நோவாவின் கீழ்ப்படிதல் எத்தகைய உழைப்பு என்பது விளங்கும்.

3. உள்ளங்கை மேகம். சிறுவர்க்கு இது மிகவும் உகந்தது. தத்தம் கையைத் தாளில் வைத்து வரைந்து, அதன்மேல் இலவம்பஞ்சை ஒட்டட்டும். பின் ஒருவன் எலியாவின் பணியாளனாக ஏழுமுறை வாயிற்படிக்கு ஓடி வரவேண்டும். ஆறுமுறை ‘ஒன்றுமில்லை’, ஏழாம் முறை கையளவு மேகம்! விடாது மன்றாடுவதன் பொருளை இதைவிட எளிதாக விளக்க இயலுமோ?

4. புட்டியும் சிரட்டையும். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள கண்ணாடிப் புட்டியில் அளவுகோல் தாளை ஒட்டி வெட்டவெளியில் வையுங்கள். எத்தனை செ.மீ. நீர் சேர்ந்தது என்று பிள்ளைகள் நாள்தோறும் குறிக்கட்டும். 95 செ.மீ. என்பது மூன்று வயதுக் குழந்தையின் உயரம் எனக் காட்டுங்கள். அன்றைய மழையின் அளவு புரியும். பக்கத்திலே, துளையிட்ட சிரட்டையில் மண்ணிட்டுப் பாசிப்பயறு விதையுங்கள். அடுத்த ஞாயிறன்று முளையைக் கையில் வைத்துக்கொண்டு, எசாயா 55-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். மழை நிலத்தை நனைத்துப் பயன்தராமல் வானுக்குத் திரும்பாததுபோல் ஆண்டவரின் வார்த்தையும் வீணாவதில்லை என்பது அதன் கருத்து.

5. பாறையும் மணலும். இரண்டு தட்டுகளில், ஒன்றில் கல்லின்மேலும் மற்றொன்றில் மணல்மேலும் களிமண் வீடு கட்டி, நீர் ஊற்றிப் பார்க்கலாம். ஆனால் இங்கே மிகுந்த கவனம் தேவை. வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். ‘விசுவாசம் இல்லாதவன் வீடு விழும்’ என்று கூறிவிட்டால், அவன் தன் தந்தையைக் குற்றவாளியாக எண்ணுவான். உவமை பேசுவது கேட்டதைச் செயலாக்கும் வாழ்வைப் பற்றி. மழை இரு வீடுகளின் மேலும் ஒன்றுபோலவே பெய்தது. நேர்மையுள்ளோர், நேர்மையற்றோர் இருவர்மேலும் தந்தை மழை பொழிகிறார் என்று கற்பித்தவரும் அதே ஆண்டவர்தாமே.

இறுதியாக வானவில். கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் அது தென்படும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எபிரேய மொழியில் போர் வில்லுக்கும் வானவில்லுக்கும் ஒரே சொல்தான். நம் தமிழிலும் இரண்டும் ‘வில்’ என்றே வழங்குகின்றன. பிள்ளைகள் மூங்கில் சிம்பை வளைத்து ஏழு வண்ணத் தாள் ஒட்டி, அம்பின்றிச் சுவரில் மாட்டட்டும். கடவுள் தம் வில்லை மேகத்தில் மாட்டிவிட்டார். அது மாந்தர்மேல் குறிவைக்கவில்லை. அதைக் கண்டு தம் உடன்படிக்கையை நினைவுகூர்பவர் கடவுளே; அவ்வுடன்படிக்கை மாந்தரோடு மட்டுமன்று, உயிர் வாழும் அனைத்தோடும் செய்யப்பட்டது.

இதைக் கூறியபோது அந்தச் சிறுவன், “ஆட்டோடுமா, சாமி?” என்று கேட்டான். “ஆம், ஆட்டோடும்” என்றோம். அவனுடைய முதற் கேள்விக்கு இன்னும் முழு விடை நம்மிடம் இல்லை. ஆயினும் அன்று அவன் வண்ணக்கோலைக் கையில் எடுத்தான்.

பெற்றோரே, இம்மழைக்காலத்தில் ஓர் இரவேனும் செபமாலைக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து, மழை பற்றி அவர்கள் உள்ளத்தில் இருப்பதைக் கேளுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் அஞ்சாதீர்கள். அதையும் சேர்த்தே அன்றைய செபத்தில் ஒப்புக்கொடுங்கள்.