சாரல் சீஸனும் கார் சீஸனும்

குற்றாலத்தில் 'சீஸன்' என்றால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வரும், சாரல் தூவும், பேரருவியில் தலையைக் கொடுத்தால் வருஷம் பூராவும் சேர்த்து வைத்த கவலையெல்லாம் கழன்று ஓடும். ஆனால் அந்த வார்த்தைக்கு வேறோர் அர்த்தமும் உண்டு. அதைத் தென்காசியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் விளக்க வேண்டியதாயிற்று, நேயர்களே!

அது எங்கள் தூரத்து உறவு அக்கா ஒருத்தியின் வீடு. அருவியில் குளித்த பசியோடு போய் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. கூடவே அக்காவின் கண்ணீரும் விழுந்தது.

"தம்பி, நீ பத்திரிகைக்காரன், நாலும் தெரிஞ்சவன். இவன்கிட்ட நீயாவது சொல்லப்பா. கார் ரேஸுக்குப் போகப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். போன வாரம் கூட்டாளிகளோட ஐந்தருவி ரோட்டுல பைக்கை விரட்டி, விழுந்து, முழங்கையைப் பேத்துக்கிட்டு வந்திருக்கான்."

மருமகனுக்கு வயது 19. கையிலே கட்டு, முகத்திலே வீரம். "சோறு ஆறுது, சாப்பிடுங்க மாமா" என்றான்.

சாப்பிட்டேன். பிறகு இருவருக்கும் பொதுவாக நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் அல்லவா?

கார்ப் பந்தயம் என்பது ஒரு நாள் கூத்தல்ல. அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று ஒரு சாம்பியன் போட்டி நடக்கிறது. ஜனவரியில் டேட்டோனா என்ற ஊரில் 24 மணி நேரப் பந்தயம். மார்ச்சில் செப்ரிங்கில் 12 மணி நேரம். இப்படிப் பத்துப் பதினொரு பந்தயங்கள் நடந்து அக்டோபரில் முடியும். ஒருவர் ஓட்டும்போது கூட்டாளி கண் அயர்வார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளிகள் உண்டு. அவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் அந்த வருஷத்துச் சாம்பியன் யார் என்று முடிவு செய்வார்கள். ஒரு தீபாவளிக்குப் பட்சணம் நன்றாக அமைந்துவிட்டால் போதுமா? வருஷம் பூராவும் அடுப்பைக் கட்டி ஆண்டால்தானே கெட்டிக்காரி என்ற பெயர் நிலைக்கும்? அதே கணக்குத்தான். அதைத்தான் 'சீஸன்' என்கிறார்கள்.

அந்தச் செப்ரிங் மைதானம் இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சு விமானங்களை ஓட்டப் பழக்கிய இடம். அங்கே 1961-இல் பெராரி கார் ஓட்டித் தம் பிரிவில் முதலாவதாக வந்தவர் டெனிஸ் மெக்ளக்கேஜ் என்ற பெண்மணி. அவர் என்னைப் போல ஒரு பத்திரிகைக்காரர்! எனக்கோ சைக்கிளே சரியாக ஓட்ட வராது.

நம் ஊரிலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. 1950-களில் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். பட்டணமே திரண்டு போய் வேடிக்கை பார்த்த காலம் அது. பிறகு, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே மைதானம் அமைத்தார்கள். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள்.

"பணக்காரங்க சமாசாரமில்லா இது?" என்று அக்கா குறுக்கிட்டாள்.

உண்மைதான். அந்தக் குறையைப் போக்க நினைத்தவர் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி காரின் எஞ்சினை வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தச் சின்னக் கார்களில் பழகிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அந்த வருஷம் ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் பந்தயம். ஒரு கம்பெனியின் டயர்கள் அங்குள்ள சரிவான திருப்பத்தைத் தாங்கவில்லை என்று தெரிந்தது. 20 கார்களில் 14 கார்கள், பந்தயம் ஆரம்பிக்கும் முன்பே ஒதுங்கிவிட்டன. மிச்சம் ஆறே கார்கள்! அவற்றில் நரேன் நாலாவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அவ்வளவுதான்.

"பார்த்தாயா?" என்றேன் மருமகனிடம். "டயர் தாங்காது என்றதும் உலகப் பிரசித்தி பெற்ற ஓட்டுநர்களே வண்டியை ஓரம் கட்டினார்கள். அவர்கள் கோழைகளா?"

அவன் பதில் சொல்லவில்லை.

மைதானத்தில் ஆபத்தே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2023-இல் இருங்காட்டுக்கோட்டையிலேயே இரண்டு உயிர்கள் போயின. தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, கொடி காட்டும் ஆட்கள், ஓடிவர டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தும் இப்படி நேருகிறது. இதில் ஒன்றுகூட இல்லாத ஐந்தருவி ரோட்டை நினைத்துப் பாருங்கள். எதிரே குழந்தை குட்டிகளோடு வேன் வரும். ஈரத் தலையோடு பெண்கள் நடந்து போவார்கள். அங்கே பந்தயம் விடுவது வீரமல்ல, குற்றம். சட்டத்தில் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

"அப்போ ஆசையை மூட்டை கட்டிரவா மாமா?"

"யார் சொன்னது? கோ-கார்ட் என்ற சின்ன வண்டியில் முதலில் பழகு. டாக்டர் சோதனை, லைசென்ஸ் எல்லாம் முறைப்படி வாங்கு. ஓட்டத்தான் வேண்டும் என்பதுமில்லை. ஒரு காருக்குப் பின்னால் எஞ்சினியர், மெக்கானிக் என்று எத்தனையோ பேர் வேண்டும். 2024-இல் சென்னைத் தீவுத்திடல் பக்கம் ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த பந்தயத்தில் அணிக்கு ஒரு பெண்ணாவது கார் ஓட்டினாள், தெரியுமா?"

கடைசி வார்த்தை அக்காவின் காதில் விழுந்தது. "பொம்பளைப் பிள்ளைகளுமா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மகனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"பைக் சாவியைக் கொண்டா. அது என் முந்தானையில இருக்கட்டும். கை சரியாகட்டும், கோயம்புத்தூர் போயி அந்த மைதானத்தைக் கண்ணால பார்த்துட்டு வருவோம். நானும் வாரேன். அதுக்கப்புறம் சொல்லுதேன், சரியா இல்லையான்னு."

பையன் தயங்கினான். மாடத்திலிருந்த சாவியை எடுத்து, கட்டுப் போடாத கையால் அம்மாவிடம் கொடுத்தான்.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.